சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் மாட்: வாங்காத டைலையும் "வாங்கியது" என்று காட்டுகிறது

மண்சாலை:
ஊர் கட்டும் கேமான சிட்டீஸ் ஸ்கைலைன்ஸின் 2015இல் வந்த முதல் பாகத்துக்கு சி ஷார்ப் மொழியில் ஒரு மாட் (கேமில் கூடுதல் வசதி சேர்க்கும் சின்ன ப்ரோக்ராம்) எழுதிக்கொண்டிருக்கிறேன். மவுஸை வைக்கும் இடம் எந்த டைல் (மேப்பில் நாம் வாங்கும் சதுர நிலத்துண்டு), வாங்கியாச்சா, எந்த டிஸ்ட்ரிக்ட் (நாமே மேப்பில் பூசிப் பிரிக்கும் ஊர்ப்பகுதி), அங்கே எத்தனை பேர், எத்தனை கட்டடம் என்று திரையின் மூலையில் ஒரு பெட்டி காட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்று தொல்லைகள்.

ஒன்று, ஊரின் நடுவில் சரியாகச் சொல்கிறது. கொஞ்சம் வெளியே போனால் வாங்காத டைலையும் "வாங்கியது" என்கிறது. எரர் எதுவும் வரவில்லை. என் கணக்கு: மவுஸ் இருக்கும் இடத்தின் எக்ஸை 1920ஆல் (ஒரு டைலின் பக்கம், மீட்டரில்) வகுத்து, இன்ட்டாக (முழு எண்ணாக) மாற்றி, 2 கூட்டுகிறேன். இசட்டுக்கும் அப்படியே. அப்புறம் இசட் × 5 + எக்ஸ் போட்டு கேம் ஏரியா மேனேஜரின் ஏரியா கிரிட்டை (5க்கு 5 டைல்களின் பட்டியல்) படிக்கிறேன்.

இரண்டு, டிஸ்ட்ரிக்ட் பூசாத வெறும் வயலில் மவுஸை வைத்தால் ஆயிரக்கணக்கில் மக்கள்தொகை காட்டுகிறது.

மூன்று, பெட்டியைத் திறந்தாலே கேம் திக்கித் திக்கி ஓடுகிறது.

மேம்பாலம்:
எரர் வராமல் தப்பான விடை வருவதற்குக் காரணம் அந்த இன்ட் மாற்றம்தான். மேப்பின் நடுப்புள்ளி 0,0. நடு டைல் அந்தப் புள்ளியிலிருந்து தொடங்குவதில்லை, அதைச் சுற்றி −960 முதல் 960 வரை இருக்கிறது. சி ஷார்ப்பில் இன்ட்டாக மாற்றினால் எண் பூஜ்யத்தை நோக்கி வெட்டப்படும். −0.9ம் 0, 0.9ம் 0. அதனால் உங்கள் கணக்கில் நடு டைல் −1920 முதல் 1920 வரை, இரண்டு மடங்காக வீங்கிவிடுகிறது. ஓரத்து டைல்கள் பாதியாகச் சுருங்குகின்றன. மொத்தம் 5க்கு 5 அப்படியே இருப்பதால் இன்டெக்ஸ் வெளியே போகாது, எரரும் வராது.

ஒரு இடத்தை வைத்துப் பாருங்கள். எக்ஸ் −300, இசட் 1500. உங்கள் கணக்கில் 2, 2, அதாவது இன்டெக்ஸ் 12, நட்ட நடு டைல். சரியான கணக்கு, 1920ஆல் வகுத்து 2.5 கூட்டி, அதன் பிறகு ஃப்ளோர் எடுப்பது, அதாவது கீழே உள்ள முழு எண்ணுக்கு இறக்குவது. 2.34இலிருந்து 2, 3.28இலிருந்து 3. இன்டெக்ஸ் 17. வாங்காத 17ஐக் கேட்டதற்கு, வாங்கிய 12இன் விடை வந்திருக்கிறது.

கையால் போடாமல் கேமின் "கெட் ஏரியா இன்டெக்ஸ்" ஃபங்ஷனுக்கே இடத்தைக் கொடுத்துவிடுங்கள். மேப்புக்கு வெளியே என்றால் −1 தரும், அதை மட்டும் செக் பண்ணுங்கள். இன்னொன்று, ஏரியா கிரிட்டில் இருப்பது ஆம் / இல்லை அல்ல. 0 என்றால் வாங்கவில்லை, மற்றபடி எத்தனையாவதாக வாங்கினீர்கள் என்ற வரிசை எண். 1க்குச் சமமா என்று கேட்டால் ஆரம்ப டைல் மட்டும்தான் தேறும்.

பச்சைமண்டலம்:
இரண்டாவதற்கு நான் சொல்கிறேன் ப்ரோ. டிஸ்ட்ரிக்ட் 0 என்பது "எதுவும் இல்லை" அல்ல, முழு ஊர். பூசாத இடத்தில் "கெட் டிஸ்ட்ரிக்ட்" 0 தரும், நீங்கள் அதன் மக்கள்தொகையைப் படிப்பதால் ஊர் மொத்தமும் வயலில் வந்து நிற்கிறது. 0 வந்தால் பெயரையும் எண்ணையும் காட்டாதீர்கள். எங்காவது எல்லா டிஸ்ட்ரிக்ட்டையும் கூட்டினாலும் 1இலிருந்து ஆரம்பியுங்கள், இல்லையென்றால் இரட்டிப்பாகும். பார்க்லைஃப் (கேமின் கூடுதல் தொகுப்பு) பார்க்குகளுக்குத் தனி கட்டம், "கெட் பார்க்" என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கட்டடத்தை எண்ணும் லூப்பை, ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேம் கூப்பிடும் "ஆன் அப்டேட்"டில் வைத்திருக்கிறீர்களா?

மண்சாலை:
ஆமாம், அங்கேதான். பில்டிங் பஃபர் (கேம் கட்டடங்களை வைத்திருக்கும் பட்டியல்) முழுவதும் ஓடுகிறது.

பச்சைமண்டலம்:
அதுதான் திக்கலுக்குக் காரணம். அந்த பஃபரில் 49,152 இடங்கள். ஊரில் நாலு வீடு இருந்தாலும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அத்தனையையும் தடவுகிறீர்கள். மவுஸ் வேறு டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போகும்போது மட்டும் எண்ணி விடையை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும்போது "கிரியேட்டட்" ஃப்ளாக் (அங்கே கட்டடம் இருக்கிறது என்ற குறி) இல்லாததை விட்டுவிடுங்கள், காலி இடங்களும் இடித்த கட்டடங்களும் கணக்கில் வராது. மக்கள்தொகையை இப்போது போலவே டிஸ்ட்ரிக்ட்டிலிருந்தே படியுங்கள், அது கேம் ஏற்கெனவே கூட்டி வைத்த எண்.

மண்சாலை:
மூன்றும் சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி. ஒரு நண்பர் 81 டைல் மாட் போட்டு விளையாடுகிறார். அங்கேயும் ஓடுமா?

மேம்பாலம்:
கேமின் அரேக்களை (பட்டியல்களை) நேரடியாகப் படித்தால் ஓடாது. 81 டைல் என்றால் 9க்கு 9, ஒரு பக்கம் 17,280 மீட்டர். கேமின் டிஸ்ட்ரிக்ட் கட்டம் 512க்கு 512, கட்டத்துக்கு 19.2 மீட்டர், ஆக 9,830 மீட்டர்தான் எட்டும். அந்த மாட் தனக்கென்று பெரிய கட்டங்களை வைத்துக்கொண்டு கேமின் ஃபங்ஷன்களை அங்கே திருப்பிவிடுகிறது. அதனால் டிஸ்ட்ரிக்ட்டுக்கு "கெட் டிஸ்ட்ரிக்ட்", டைலுக்கு "இஸ் அன்லாக்ட்" என்று ஃபங்ஷன் வழியாகவே போங்கள். கோடில் 5, 512 என்று எங்கேயாவது எழுதியிருந்தால் முதலில் அதைத் தேடி எடுங்கள்.