ஸ்லோ குக்கரில் பருப்பு வேகவே இல்லை, அவசரம்

தண்டையார்பேட்டை_அம்மு (இரவு 9:50)
புது ஸ்லோ குக்கர், கரண்டில் மணிக்கணக்கில் மெதுவாக வேக வைக்கிற பானை. நேற்று ராத்திரி சாம்பாருக்கு எல்லாத்தையும் போட்டு, ஃபுல்லாகத் திருகி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கிறது, கத்தரிக்காயும் அப்படியே நறுக்கு நறுக்கென்று இருக்கிறது. மொத்தத்தையும் கொட்டினேன். வீட்டில் 6 பேர். டப்பாவுக்கு ரசம் சாதம்தான் போயிற்று. சிலிண்டர் மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் இந்த வேலையே. இன்றைக்கு ராத்திரியும் வைக்க வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

ராயபுரம்_ரீட்டா (9:54)
என்ன பருப்பு? ஊற வைத்தீர்களா? எத்தனை மணி நேரம்? புளி எப்போது விட்டீர்கள்? இது எதுவுமே சொல்லாமல் எப்படிம்மா சொல்வது?

வியாசை_வயர்மேன் (9:57)
வோல்டேஜ் பாருங்கள். வெயில் காலத்தில் ராத்திரி 10 மணிக்கு மேல் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும், எங்கள் பக்கம் 190க்கு இறங்கி நிற்கிறது. 230ல் ஓட வேண்டிய காயிலுக்கு 190 கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு சூடு போய்விடும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் சூடு அதைவிட அதிகமாகக் குறையும், கணக்கு அப்படி. எத்தனை வாட்ஸ் என்று அடியில் எழுதியிருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

அடுக்களை_ஆசான் (10:02)
இந்தக் கேள்வி இங்கே வராத மாதமே இல்லை. மேலே தேடும் பெட்டி ஒன்று சும்மா அழகுக்கு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பிரஷர் குக்கருக்குள் ஏறக்குறைய 120 டிகிரி வரும், அதனால்தான் நாலு விசிலில் பருப்பு மசிகிறது. ஸ்லோ குக்கர் 100ஐத் தொடாது. லோவில் வைத்தாலும் ஹையில் வைத்தாலும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் போகும், போய்ச் சேருகிற நேரம்தான் வேறு. இந்த அடிப்படை தெரியாமல் பாத்திரத்தை வாங்கிவிட்டு இங்கே வந்து கேட்கிறார்கள்.

மூலக்கொத்தளம்_மைதிலி (10:05)
உப்பை முதலிலேயே போட்டிருப்பீர்கள். உப்பு போட்டால் பருப்பு வேகாது என்று என் மாமியார் சொல்லுவார்.

அடுக்களை_ஆசான் (10:07)
உப்பு அல்ல அம்மா. புளி. புளிப்பு சேர்ந்தால் பருப்பின் தோலும் சதையும் இறுகிக்கொள்ளும், எத்தனை மணி நேரம் கிடந்தாலும் குழையாது. தக்காளிக்கும் இதுதான். உங்கள் மாமியாருக்கு என் வணக்கம்.

தண்டையார்பேட்டை_அம்மு (10:10)
துவரம்பருப்பு, ரேஷனில் வாங்கியது. ஊற வைக்கவில்லை. புளி எல்லாம் ஒன்றாகத்தான் விட்டேன், எல்லாத்தையும் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்றுதானே இதை எல்லோரும் சொல்கிறார்கள். நடுவில் இரண்டு தடவை திறந்து கிளறினேன். பக்கத்து வீட்டுக்காரர் ரேஷன் பருப்பு பழசு, அதுதான் என்கிறார்.

ராயபுரம்_ரீட்டா (10:13)
அப்போது புளிதான், சந்தேகமே வேண்டாம். பருப்பு, காய், மஞ்சள்தூள், பெருங்காயம் மட்டும் போடுங்கள். பருப்பை ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். காலையில் எழுந்து புளிக்கரைசலும் பொடியும் விட்டு, அடுப்பில் பத்து நிமிடம் கொதிக்க விட்டுத் தாளித்தால் முடிந்தது. இன்னொன்று, மூடியைத் திறக்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் இருபது, முப்பது நிமிட சூடு போய்விடும்.

காலடிப்பேட்டை_கணேசன் (10:15)
ரேஷன் பருப்பை ஏன் இழுக்கிறீர்கள்? கிலோ 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள், எங்கள் வீட்டில் அதுதான் ஓடுகிறது. நன்றாகவே வேகும். தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீராக இருந்தால் எந்தப் பருப்பும் வேகாது. மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணீர் நிலத்துக்குள் ஏறி எத்தனையோ வருஷம் ஆகிறது. சோப்பு நுரைக்காத தண்ணீர் என்றால் பருப்பும் குழையாது. மெட்ரோ வாட்டர் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை.

வியாசை_வயர்மேன் (10:17)
வாட்ஸ் இன்னும் சொல்லவில்லை.

தண்டையார்பேட்டை_அம்மு (10:19)
அடியில் 120 வோல்ட், 210 வாட்ஸ் என்று இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து அக்கா கொண்டு வந்தது. நம் ஊர் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கிற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் மாட்டித்தான் ஓட்டுகிறேன்.

வியாசை_வயர்மேன் (10:21)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா! அந்த டிரான்ஸ்பார்மருக்குள் 190 போனால் வெளியே 110 எங்கே வரும், 90 பக்கம்தான் வரும். 210 வாட்ஸ் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். டிரான்ஸ்பார்மர் 300 வாட்ஸாவது இருக்கிறதா பாருங்கள். கைபொறுக்காத சூடு வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். இது சரியாகும்வரை கறி மட்டும் வைக்க வேண்டாம். 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் கிடந்தால் வீட்டில் எல்லோருக்கும் வயிறு போகும்.

கொடுங்கையூர்_செல்வி (10:24)
ஒரு சின்னச் சந்தேகம். ஃபுல்லாகத் திருகி வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, குமிழ் எங்கே நின்றது? என்னிடமும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. ஆஃப், லோ, ஹை, அப்புறம் கடைசியில் வார்ம். கடைசிவரை திருகினால் வார்மில் போய் நிற்கும். அது வெந்ததைச் சூடாக வைத்திருக்கத்தான், வேக வைக்காது.

அடுக்களை_ஆசான் (10:25)
எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 வாட்ஸ், ராத்திரி 8 மணி நேரம், 1.6 யூனிட். 60 நாளைக்கு 96. அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கொடுக்கிற 100 யூனிட்டையும் இந்தப் பானையே குடித்துவிடும். மிச்சமாம்!

காலடிப்பேட்டை_கணேசன் (10:28)
பிரஷர் குக்கர் மட்டும் இனாமா? சிலிண்டர் விலை போதாதென்று, தூக்கிக்கொண்டு வருகிறவருக்குத் தனியாக ஒன்று. அதைக் கணக்கில் சேர்த்தீர்களா சார்?

அடுக்களை_ஆசான் (10:30)
நாலு விசிலுக்கு எவ்வளவு கேஸ் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பருப்புக்கு ஸ்லோ குக்கரே தேவையில்லை. எலும்பு, ஆட்டுக்கால், முற்றல் கறி, கொண்டைக்கடலை, இதற்கெல்லாம்தான் அது லாபம். துவரம்பருப்பை ராத்திரி முழுக்க வேக வைப்பது வெட்டிச் செலவு.

மூலக்கொத்தளம்_மைதிலி (10:33)
விடியற்காலை 4 மணிக்கு எழுந்து விசில் எண்ணுவது யார்? ஆசான் எண்ணுவாரா? ஷிப்டுக்குப் போகிற பெண்களுக்குத்தான் அந்த நேரத்தின் அருமை தெரியும்.

காலடிப்பேட்டை_கணேசன் (10:34)
சபாஷ்.

அடுக்களை_ஆசான் (10:36)
நான் சொன்னது எரிபொருள் கணக்கு. அதை வேறு எங்கேயோ கொண்டு போகிறீர்கள்.

பெரம்பூர்_பிரியாணி (10:41)
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ராஜ்மாவை இதில் நேராகப் போடலாமா? பையன் கேட்கிறான்.

ராயபுரம்_ரீட்டா (10:44)
நேராகப் போடவே கூடாது. பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சு இருக்கிறது, ஸ்லோ குக்கர் சூட்டில் அது சாகாது. அரைவேக்காடாகச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும்தான். ராத்திரி ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். 10 நிமிடம் போதும் என்பார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறை 30 நிமிடம் என்கிறது, நான் அதைத்தான் செய்கிறேன். அதற்கப்புறம் பானையில் போடுங்கள்.

பெரம்பூர்_பிரியாணி (10:46)
நல்லவேளை கேட்டேன். நன்றி அக்கா.

கொடுங்கையூர்_செல்வி (10:52)
அம்மு அக்கா, குமிழைப் பார்த்தீர்களா?

வியாசை_வயர்மேன் (மறுநாள் காலை 7:15)
என்ன ஆயிற்று? வோல்டேஜ் பார்த்தீர்களா?

தண்டையார்பேட்டை_அம்மு (ஞாயிறு, மதியம் 1:20)
வெந்துவிட்டது, நன்றாகக் குழைந்திருந்தது. புளி காலையில்தான் விட்டேன், கேன் தண்ணீர் ஊற்றினேன், பட்டனையும் மாற்றி வைத்தேன். எல்லோருக்கும் நன்றி. பாயா வைக்கலாமா இதில்?

ராயபுரம்_ரீட்டா (1:24)
புளிதான் என்று அப்போதே சொன்னேனே.

காலடிப்பேட்டை_கணேசன் (1:31)
கேன் தண்ணீர். நான் சொன்னதுதான்.

வியாசை_வயர்மேன் (1:33)
நேற்று சாயங்காலம் மழை பெய்தது, ஏசி ஓடியிருக்காது. வோல்டேஜ் ஏறியிருக்கும். நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

அடுக்களை_ஆசான் (1:40)
மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? இதற்குத்தான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொல்வது.

மூலக்கொத்தளம்_மைதிலி (1:42)
சாம்பார் வெந்துவிட்டது சார். விடுங்கள்.

கொடுங்கையூர்_செல்வி (1:55)
பாயா தாராளமாக வைக்கலாம் அக்கா. ஆட்டுக்காலைச் சுட்டுச் சுரண்டிக் கழுவி, முதலில் அடுப்பில் ஒரு கொதி விட்டு நுரையை எடுத்துவிடுங்கள். அப்புறம் சுடுதண்ணீரோடு பானைக்கு மாற்றுங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடேறவே நேரம் போய்விடும். பானையில் முக்காலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஹையில் ஒரு மணி நேரம் ஓடட்டும், அப்புறம் லோவில் 8 மணி நேரம். தேங்காய்ப்பால் கடைசியில்தான், முதலிலேயே விட்டால் திரிந்துவிடும். பட்டன் முன்னே எதில் இருந்தது என்று மட்டும் சொல்லிவிடுங்களேன்.