பால் ஒரே சீராகத்தானே இருக்கிறது, அது எப்படிப் பலபடித்தான கலவை?

கயல்:
ஒன்பதாம் வகுப்புப் பாடம். உப்புத் தண்ணீர் எங்கும் ஒரே சீரானது, அதனால் ஒருபடித்தானது. மணல் கலந்த தண்ணீரில் பகுதிகள் தனித்தனி, அதனால் பலபடித்தானது. இதில் குழப்பமில்லை. பால்தான் இடிக்கிறது. எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளை. வடிதாளில் ஊற்றினாலும் அப்படியே இறங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு எதை வைத்துப் புரியவைப்பது? செய்து காட்ட எளிய வழி இருந்தால் நல்லது.

மாறன்:
வெறுங்கண்ணுக்குச் சீராகத் தெரிவதை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள், குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. பாலில் ஒரு சொட்டை நீர்த்து, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். கொழுப்பு உருண்டை உருண்டையாக மிதக்கும். கொழுப்பு தனி, தண்ணீர் தனி, நடுவே ஓர் எல்லை. அந்த எல்லை இருந்தாலே பலபடித்தானதுதான்.

வடிதாளில் இறங்கியதும் சான்றாகாது. ஆய்வகத்தில் வழக்கமாகப் பயன்படும் வாட்மேன் 1 வடிதாள் ஏறக்குறைய 11 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களைத்தான் பிடிக்கும். பாலின் கொழுப்புத் திவலைகள் பெரும்பாலும் 0.1 முதல் 10 மைக்ரோமீட்டர் வரைதான். புரதத் துகள்கள் இன்னும் சிறியவை.

செல்வி:
செய்து காட்ட டிண்டால் விளைவுதான் சுலபம், அதாவது கலவையில் மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கதிரின் பாதை கண்ணில் படுவது. மூன்று கண்ணாடி டம்ளர், ஒவ்வொன்றிலும் 200 மில்லி தண்ணீர். முதலாவதில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டாவதில் இரண்டே சொட்டுப் பால், மூன்றாவதில் அரை டீஸ்பூன் சாக்பீஸ் தூள். அறையை இருட்டாக்கி, லேசர் பாயிண்டரைப் பக்கவாட்டில் அடியுங்கள். கதிருக்கு நேரே யார் கண்ணும் வரக்கூடாது.

சர்க்கரைத் தண்ணீருக்குள் கதிர் கண்ணில் படாது. பால் டம்ளரில் சுவருக்குச் சுவர் இழை கட்டியதுபோல் ஒரு கோடு நிற்கும். சாக்பீஸ் தண்ணீரைக் கலக்கிய சூட்டில் பார்த்தால் கோடு புள்ளி புள்ளியாக மினுங்கும். அரை மணி நேரம் விட்டால் தூளில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். பால்போல் துகள் படியாமல் நின்றால் கூழ்மம், சாக்பீஸ்போல் படிந்தால் தொங்கல், வேறுபாடு அதுதான்.

சொதப்பும் இடங்களும் உண்டு. பால் கூடினால் டம்ளர் முழுக்க ஒளிரும், கோடு தெரியாது. உப்பைவிடச் சர்க்கரை மேல், ஏனென்றால் பாக்கெட் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்ப்பது கரையாமல் தண்ணீரைக் கலங்கலாக்கும். குழாய்த் தண்ணீரின் தூசியும் கோடு காட்டும். ஆகவே காய்ச்சி வடித்த தண்ணீர் எடுத்து, எதுவும் போடுவதற்கு முன் லேசரை ஒருமுறை அடித்துப் பாருங்கள். ஊற்றியதும் பத்து நிமிடம் விடுங்கள், காற்றுக்குமிழ் போகட்டும்.

மாறன்:
செல்வி சொன்னதோடு சோள மாவையும் சேர்க்கலாம். கால் டீஸ்பூனைப் பச்சைத் தண்ணீரில் கலக்கினால் தொங்கல், சற்று நேரத்தில் அடியில் உட்காரும். அதையே கிளறிக்கொண்டு கொதிக்கவைத்தால் கூழ்மம், படியாது. பொருள் ஒன்றுதான், மாறுவது துகளின் அளவு.

கயல்:
நன்றி. அப்படியென்றால் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர்? அங்கேயும் எல்லை இருக்கிறதே.

மாறன்:
பலபடித்தானதுதான், ஆனால் கலவை இல்லை. இரண்டும் நீரே, திண்மம், திரவம் என்ற நிலைதான் வேறு. கலவை என்று சொல்லக் குறைந்தது இரண்டு பொருள் வேண்டும்.