புதுப்பிப்பு: கடைசி ஓவர் கட் ஆகுற ரெக்கார்டிங் பிரச்சனை

போன வாரம் கேட்டிருந்தேன்ல, செட்டாப் பாக்ஸ்ல மேட்ச் ரெக்கார்ட் போட்டா கடைசி ரெண்டு ஓவர் மட்டும் காணாம போகுதுன்னு, அது சரியாயிடுச்சுங்க. ஹார்ட் டிஸ்க் கோளாறுன்னு நெனச்சு ஃபார்மட் வேற பண்ணி பழசெல்லாம் போச்சு, அந்த வயித்தெரிச்சல் தனி. விஷயம் என்னன்னா, கைடுல (பாக்ஸ்ல வர்ற நிகழ்ச்சி நேரப் பட்டியல்) மேட்ச் முடியுறது 11 மணின்னு இருந்தா பாக்ஸ் 11க்கு டக்குனு நிறுத்திடும், 7.30க்கு ஆரம்பிக்கிற ஐபிஎல் எங்க 11க்கு முடியுது? நீங்க சொன்னபடி செட்டிங்ஸ்ல 2 நிமிஷம் முன்னாடி ஆரம்பிச்சு 60 நிமிஷம் லேட்டா முடியுற மாதிரி வச்சேன், நேத்து பரிசளிப்பு வரைக்கும் முழுசா இருக்கு. ஆனா எங்க பாக்ஸ்ல ஒரே ட்யூனர்தான், ஒரு நேரத்துல ஒரு சேனலைத்தான் ரெக்கார்ட் பண்ணும், அதனால 11 மணிக்கு அம்மா போட்டு வச்சிருந்த சீரியல் ஏறவே இல்ல. காலைல காபி கிடைக்கல. சீரியல் ரெக்கார்டிங்கை மத்தியான மறுஒளிபரப்புக்கு மாத்தி விட்டுட்டேன்.