கார்டு ரீடர் சொல்லும் நீளத்தை டிரைவர் நம்பலாமா?

தங்கச்சிமடம் வயர்மேன்:
பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளில் கடல்நீரின் சூட்டைப் பதிவு செய்ய ஒரு பெட்டி கட்டிக் கொடுத்திருக்கிறேன். சின்ன லினக்ஸ் போர்டு, யூஎஸ்பி கார்டு ரீடர், ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். உப்புக்காற்றில் ரீடரின் முனைகள் களிம்பு ஏறிவிடுகின்றன. அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதால் ராமநாதபுரத்தில் எது கிடைக்கிறதோ அதை வாங்குகிறேன்.

கடைசியாக வாங்கியதைச் செருகினால் போர்டு உடனே படுப்பதில்லை. ஒரு மணி நேரமோ அரை நாளோ கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) விழுகிறது. ஒரு தடவை நெட்வொர்க், இன்னொரு தடவை ஃபைல் சிஸ்டம். கார்டில் குறையில்லை. போர்டு விற்றவர்கள் கொடுத்த டிரைவரை (ரீடரை இயக்கும் மென்பொருள்) திறந்து பார்த்தேன். இன்குவயரிக்கு (“நீ யார்” என்று ரீடரைக் கேட்கும் கட்டளை) பதில் வந்ததும், இன்னும் எத்தனை பைட் இருக்கிறது என்று சொல்லும் அதன் 4-ஆம் பைட்டோடு 5 கூட்டி, அத்தனை பைட்டையும் 36 பைட் பஃபருக்குள் (தற்காலிக நினைவிடம்) மெம்காப்பி (அப்படியே நகல்) செய்கிறது. பழைய ரீடர் அந்த இடத்தில் 31 அனுப்புகிறது, புதியது 255. விற்றவர்களைக் கேட்டால் “நல்ல ரீடராக வாங்குங்கள்” என்கிறார்கள். பஃபரை 260 ஆக்கிவிட்டால் போதுமா?

மண்டபம் கேம்ப்:
லினக்ஸிலேயே யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவர் இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன?

தங்கச்சிமடம் வயர்மேன்:
எழுதாத நேரத்தில் ரீடருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவது இவர்கள் டிரைவர்தான் அண்ணே. அதை விட்டால் பேட்டரி தாங்காது.

கீழக்கரை பழைய கை:
தம்பி, பஃபரைப் பெரிதாக்காதீர்கள். அது பாதி வியாதிக்கு மருந்து. இங்கே மூன்று நீளம் இருக்கிறது: சாதனம் சொன்னது 260, உங்கள் பஃபர் கொள்ளுவது 36, யூஎஸ்பி வழியாக உண்மையில் வந்து சேர்ந்தது. நீங்கள் 36 பைட்தான் கேட்டிருப்பீர்கள், ஆகவே வந்ததும் 36-க்கு மேல் இருக்காது. பஃபரை 260 ஆக்கினால் எழுதும் பக்கம் சரியாகும், படிக்கும் பக்கம் 224 பைட் வேறு யாருடைய நினைவகத்திலிருந்தோ அள்ளி வரும். மூன்றில் எது சிறியதோ அதை மட்டும் காப்பி செய்யுங்கள். 36-க்குக் குறைவாக வந்தால் பிழை என்று திருப்பிவிடுங்கள்.

கூட்டலை எந்த மாறியில் வைக்கிறார்கள் என்றும் பாருங்கள். 8 பிட் மாறியானால் 255-உம் 5-உம் சேர்ந்து 4 ஆகிவிடும். “36-க்கு மேல் இருக்கிறதா” என்ற சோதனை அதைப் பேசாமல் உள்ளே விடும். அப்புறம் மீதி நீளம் எவ்வளவு என்று எவராவது அதிலிருந்து 36-ஐக் கழித்தால், குறியற்ற (எதிர்மறை எண் வைக்காத) 32 பிட்டில் 4294967264 வரும். முதலில் ஒப்பிட வேண்டும், பிறகுதான் கழிக்க வேண்டும்.

தாமதமாக விழுவதற்கும் இதுவே காரணம். 36 கேட்டால் கெர்னல் பெரும்பாலும் 64 பைட் துண்டு ஒன்றைத் தரும். 260 எழுதும்போது பக்கத்துத் துண்டுகள் நாசம். அவை யாருடையவையோ அவர்கள் தொடும்போதுதான் விழுவார்கள். கெர்னலில் காசான் என்ற நினைவகப் பிழை பிடிக்கும் கருவியை இயக்கிப் பாருங்கள் (4.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது), எழுதும் அந்த வரியிலேயே பிடிக்கும். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும், அதனால் போர்டில் வேண்டாம், லேப்டாப்பில் ஓட்டுங்கள்.

தங்கச்சிமடம் வயர்மேன்:
செய்தேன். நீங்கள் சொன்ன வரியைக் காட்டியது. திருத்திய பிறகு இன்னொரு இடம் சிக்குகிறது: தயாரிப்பாளர் பெயரை 9 பைட் பஃபருக்குள் ஸ்ட்ரிங்காப்பி செய்யும் வரி. பெயர் 8 எழுத்துதானே?

மண்டபம் கேம்ப்:
8 பைட்தான், ஆனால் பெயர் முடிந்தது என்று காட்டும் பூஜ்யம் கடைசியில் கிடையாது. மிச்சத்தை இடைவெளியால் நிரப்பியிருப்பார்கள். 8-ஆம் பைட்டில் தயாரிப்பாளர், 16-இல் பொருளின் பெயர், 32-இல் பதிப்பு எண் என்று ஒட்டி ஒட்டி வரும். ஸ்ட்ரிங்காப்பி பூஜ்யத்தைத் தேடி மூன்றையும் தாண்டி ஓடும். 8 பைட்டை மெம்காப்பி செய்து கடைசியில் பூஜ்யத்தை நீங்களே வையுங்கள்.

கீழக்கரை பழைய கை:
2015-இல் வெனம் என்று பேசப்பட்ட பாதுகாப்பு ஓட்டை ஞாபகம் வருகிறது. கியூஎமு என்ற, கணினிக்குள் பொய்க் கணினி ஓட்டும் மென்பொருளின் ஃபிளாப்பி கன்ட்ரோலர் கோடு, 512 பைட் பஃபர். சில கட்டளைகளுக்குப் பிறகு எழுதும் இடத்தைக் காட்டும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை, எழுதிக்கொண்டே போனது. 2004-லிருந்து கிடந்த கோடு, ஃபிளாப்பியே இல்லாத காலத்தில் ஆளைக் கவிழ்த்தது! உங்கள் டிரைவரிலும் அப்படி ஏறிக்கொண்டே போகும் எண் ஏதும் இருக்கிறதா பாருங்கள்.

கடை ரீடரை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள். லினக்ஸின் டம்மி எச்சிடி (பொய் யூஎஸ்பி போர்ட்), ரா கேட்ஜெட் (பொய் சாதனம் எழுத உதவுவது) இரண்டும் இருந்தால் லேப்டாப்பிலேயே பொய் ரீடர் செய்யலாம். 4-ஆம் பைட்டில் 0, 30, 31, 32, 255 என்று மாற்றி அனுப்புங்கள். பதிலைப் பாதியில் வெட்டியும் அனுப்புங்கள்.

தங்கச்சிமடம் வயர்மேன்:
சரி அண்ணே. 0 அனுப்பி, பதிலை 5 பைட்டில் வெட்டியபோது பிழை என்று திருப்பிவிட்டது. இனி 30.