சேலம் அரசுக் கல்லூரியில் இஇஇ-யா, கடன் வாங்கி டீம்டில் சிஎஸ்இ-யா?

தறிவீட்டுப் பெண்:

தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கட்-ஆஃப் 200க்கு 181, பிசி (பிற்படுத்தப்பட்டோர்) பிரிவு. ஊர் தாரமங்கலம், வீட்டிலேயே விசைத்தறி, கூலிக்கு ஓட்டுகிறோம். நான் பி.காம் முடித்துவிட்டுச் சேலத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அதனால் காலேஜ் விஷயம் என்றால் வீட்டில் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், எனக்கோ இன்ஜினியரிங் பற்றி ஒன்றும் தெரியாது.

இப்போதைக்கு மூன்று வழி இருக்கிறது. கருப்பூரில் இருக்கிற சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் இஇஇ (எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்), போன வருஷக் கட்-ஆஃபைப் பார்த்தால் கிடைத்துவிடும் என்கிறார்கள், ஓமலூரில் பஸ் மாறி வீட்டிலிருந்தே போய் வரலாம். இல்லாவிட்டால் கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கவுன்சிலிங் சீட்டிலேயே (அரசு ரேங்க் வரிசைப்படி ஒதுக்குகிற இடம்) சிஎஸ்இ, அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ். மூன்றாவது ஒரு டீம்ட் யுனிவர்சிட்டி (நிகர்நிலைப் பல்கலைக்கழகம்). அவர்களுடைய நுழைவுத் தேர்வை எழுதியிருந்தான், சிஎஸ்இ தருகிறார்கள், ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஐந்து லட்சம். அட்வான்ஸ் கட்டுங்கள் கட்டுங்கள் என்று தினமும் போன் வேறு.

கம்ப்யூட்டர் எடுக்காதவனுக்கு வேலையே இல்லை என்று மாமா சொல்லிச் சொல்லி, அப்பா பத்து லட்சம் லோன் போட்டு மீதிக்குக் காலி மனையை விற்றுவிடலாம் என்று நிற்கிறார். தம்பியைக் கேட்டால் எதுவானாலும் சரி என்கிறான். ஒன்று மட்டும் சொல்கிறேன், தறி மோட்டார் நின்றால் நாங்கள் ஆளைக் கூப்பிடுவதில்லை, அவனே பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவான், காயில் கருகியிருந்தால் மட்டும்தான் ரீவைண்டிங் கடைக்குப் போகும். இதை வைத்து இஇஇ என்று முடிவு செய்யலாமா?

கல்விக்கடன் கவுன்டர்:

வங்கியில் இந்த சீட்டில்தான் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் லோனைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அம்மா. வருஷத்துக்கு இரண்டரை லட்சமாகப் பத்து லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை, ஆனால் வட்டி முதல் பணம் கைமாறிய நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். முதல் இரண்டரை லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி, அடுத்ததற்கு நான்கு, அப்புறம் மூன்று, இரண்டு. தனிவட்டியாகப் போட்டாலே மூன்றரை லட்சம் வந்துவிடுகிறது. ஆகப் பையன் வேலைக்குப் போகும்போது கடன் 13.5 லட்சம், அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய். பெரிய ஐடி கம்பெனிகள் கும்பலாக ஆள் எடுக்கும்போது தரும் மூன்றரை லட்சம் பேக்கேஜில் கைக்கு வருவது மாதம் இருபத்தைந்தாயிரத்துக்குப் பக்கம்தான். சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை கொடுத்து, சாப்பிட்டு, இதையும் கட்ட முடியுமா என்று அப்பாவிடம் தாளில் எழுதிக் காட்டுங்கள். இதில் அந்த மனை கணக்கிலேயே வரவில்லை.

பிஎம் வித்யாலட்சுமி என்று 2024 நவம்பரில் ஒரு திட்டம் வந்தது. அதில் பிணையும் ஜாமீனும் கேட்கக் கூடாது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆனால் அந்தக் கல்லூரி அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு (நிர்வாகமே நிரப்பும் இடங்களுக்கு) கிடையாது. கல்லூரிக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல் போர்ட்டலில் பெயரைத் தேடிப் பாருங்கள். அப்புறம் கவுன்சிலிங் என்றால் ஃபர்ஸ்ட் கிராஜுவேட் (குடும்பத்தின் முதல் பட்டதாரி) சான்றிதழ் வாங்கி வையுங்கள், டியூஷன் ஃபீசில் நல்ல தொகை குறையும்.

ஓசூர் இஇஇ:

ஐயா சொன்ன லோன் கணக்கு சரி, ஆனால் ஃபர்ஸ்ட் கிராஜுவேட் இவர்களுக்குக் கிடைக்காது. அக்கா பி.காம் முடித்திருக்கிறாரே, குடும்பத்தில் உடன்பிறந்தவர் ஒருவர் பட்டதாரி ஆகிவிட்டாலே சலுகை போய்விடும். தம்பி ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா என்று பாருங்கள், ஆமாம் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஃபீஸ், ஹாஸ்டல் இரண்டையும் அரசே கட்டும், இந்த விவாதமே தேவையில்லை. உதவி பெறும் பள்ளி என்றால் அது இல்லை. ஆனால் அங்கே தமிழ் வழியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும், பஸ்சுக்கும் டீக்கும் ஆச்சு.

நான் வேறொரு அரசுக் கல்லூரியில் இஇஇ படித்தவன், இப்போது ஓசூரில் மோட்டார் கன்ட்ரோலர் வேலை. நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன். எங்கள் லேபில் பாதி மெஷின் என் அப்பா வயது, ஒரு ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அந்த இடம் செமஸ்டர் முழுக்கக் காலியாகக் கிடக்கும், பிளேஸ்மென்டுக்கு யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டார்கள், நாமே ஓட வேண்டும். ஆனால் நான்கு வருஷமும் வீட்டில் காசு கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை, டியூஷன் ஃபீஸ் என்பது சில ஆயிரங்களில் முடிந்துவிடும். கடன் இல்லாததால்தான் முதலில் கிடைத்த ஐடி வேலையை உதறிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு எனக்குப் பிடித்த வேலைக்கு வர முடிந்தது. மாதம் 17,800 கட்ட வேண்டியிருந்தால் இன்னும் அந்த ஐடி கம்பெனியிலேயேதான் ஏதாவது கம்ப்ளைன்ட் டிக்கெட்டை முடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்னொன்றை மாமாவிடம் சொல்லுங்கள், கும்பலாக ஆள் எடுக்கும் ஐடி கம்பெனிகள் பெரும்பாலும் இஇஇ, ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), மெக்கானிக்கல் எல்லாரையுமே எடுக்கும். இஇஇ படித்தவன் கோடிங்குக்குப் போகலாம். 

கோடிங்கும் வேண்டும் என்றால் ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பை இதோடு சேர்த்தே படிக்கலாம், வருமானத்தைப் பொறுத்து ஃபீஸ் குறைப்பும் உண்டு. சும்மா பெயருக்குச் சேர்ந்தால் இரண்டுமே போய்விடும், அது வேறு விஷயம்.

லேப் சார்:

எல்லாரும் மோட்டார் பிரிப்பதை வைத்து இஇஇ என்று முடிவு கட்டுவது போல இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் எலெக்ட்ரிகல் மெஷின்ஸ் நடத்துகிறேன். கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்து வருகிற பையன்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அவர்களில் சிலர் இரண்டாம் வருஷம் சர்க்யூட் தியரியிலும் கன்ட்ரோல் சிஸ்டத்திலும் அரியர் வைத்துத் தவிப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இஇஇ என்பது முக்கால்வாசி கணக்கு. மோட்டார் ஏன் ஸ்டார்ட் ஆகும்போது அவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறதா, இல்லை ஓடினால் போதும் என்று மூடிவிடுகிறானா? ஐஐடி ஆசிரியர்கள் பாடம் எடுக்கும் என்பிடெல் வீடியோக்கள் இலவசமாகவே இருக்கின்றன. பேசிக் எலெக்ட்ரிகல் பாடத்தில் முதல் சில வகுப்புகளையும், பைத்தான் பாடம் ஒன்றில் முதல் சில வகுப்புகளையும் போட்டுக் காட்டுங்கள். எதை அவனாகவே அடுத்த நாள் திறக்கிறான் என்று பாருங்கள். 'எதுவானாலும் சரி' என்பது பதினேழு வயதுப் பையன் சண்டையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளச் சொல்வது, அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த இரண்டாவது வழியையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கவுன்சிலிங் சீட்டுக்கு 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தது 50,000, என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. டீம்ட் ஃபீசோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ இருக்கிறது. ஆனால் பஸ், ஹாஸ்டல், 'பிளேஸ்மென்ட் டிரெயினிங்', அசோசியேஷன், யூனிஃபார்ம் என்று ரசீதில் ஒவ்வொன்றாக ஏறும், எங்கள் பக்கமும் ஏறுகிறது, மறைக்க என்ன இருக்கிறது. அதனால் இணையதளத்தை விட்டுவிட்டு, இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பையனைப் பிடித்துப் போன வருஷம் மொத்தம் எவ்வளவு கட்டினாய் என்று கேளுங்கள். என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, பாடப்பிரிவுக்குத் தனித்தனியாகக் கொடுப்பது, மெக்கானிக்கலுக்கு இருப்பதைக் காட்டி சிஎஸ்இ சீட்டை விற்பவர்கள் உண்டு. சிஎஸ்இ-யில் ஒரே வருஷத்தில் எத்தனை செக்‌ஷன் சேர்த்திருக்கிறார்கள், அத்தனைக்கும் பாடம் எடுக்க ஆள் இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

டீம்ட் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. வசதியுள்ள வீடாக இருந்தால் போய்ப் படிக்கட்டும், அங்கே லேபும் கிளப்பும் நன்றாகவே இருக்கும். மனையை விற்றுப் போகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் என் கருத்து.

தறிவீட்டுப் பெண்:

எல்லாருக்கும் நன்றி. உதவி பெறும் பள்ளிதான், தமிழ் வழி, ஆக அந்த ஆயிரம் ரூபாய் வரும் என்று புரிகிறது. லோன் கணக்கை அப்பாவிடம் எழுதிக் காட்டினேன், 17,800 என்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தறிக்குப் போய்விட்டார், மாமா இன்னும் சமாதானம் ஆகவில்லை. தம்பி வீடியோ பார்த்தான். பைத்தான் பிடிக்கவில்லை என்றில்லை, ஆனால் த்ரீ பேஸ் பற்றிய வகுப்பை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். டீம்டை விட்டுவிட்டோம். இப்போது சந்தேகம் சாய்ஸ் ஃபில்லிங்கில்தான், அதாவது கவுன்சிலிங்கில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் போடுவதில். கருப்பூர் இஇஇ-யை முதலில் போட்டால் அது கிடைக்காமல் போய், கீழே போட்டிருக்கும் கோயம்புத்தூர் சீட்டும் கைநழுவிவிடும், அதனால் 'பாதுகாப்பானதை' முதலில் போடு என்று பிரவுசிங் சென்டரில் சொல்கிறார்கள். அப்படியா?

ஓசூர் இஇஇ:

இல்லவே இல்லை. உங்கள் தம்பியின் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் அவர் பட்டியலை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும், முதலாவது காலி இல்லை என்றால் இரண்டாவது, இப்படியே கீழே இறங்கும். கீழே போட்டதாலேயே ஒரு சீட்டு பறிபோகாது. மாறாகப் பாதுகாப்பானது என்று அதை மேலே வைத்தால் அதுவே கிடைத்துத் தொலையும், அப்புறம் கருப்பூரில் இடம் இருந்தும் பயனில்லை. பிடித்த வரிசையில் போடுங்கள், எத்தனை வேண்டுமானாலும் போடலாம், பத்தோடு நிறுத்தாதீர்கள். கருப்பூருக்குக் கீழே வேறு அரசுக் கல்லூரிகளில் இஇஇ, ஈசிஇ போட்டு, பிறகு தனியார்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளைக்குள் உறுதி செய்ய வேண்டும், அதை மறந்தால் சீட்டு போய்விடும். முதலில் கேட்டதே கிடைத்தால் 'ஏற்றுச் சேர்கிறேன்' கொடுத்துவிடுங்கள். கீழே உள்ளது கிடைத்து, மேலே உள்ளதற்கும் காத்திருக்க வேண்டும் என்றால் அதற்குத் தனி ஆப்ஷன் இருக்கிறது. அப்படிக் கொடுத்தால் கல்லூரிக்குப் போகாமல் கவுன்சிலிங் சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும். பாஸ்வேர்டைப் பிரவுசிங் சென்டர்காரரிடம் கொடுக்காதீர்கள், நீங்களே ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம். கடைசியாகப் பூட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கல்லூரியின் கவுன்சிலிங் எண்ணையும் தம்பியை விட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள், ஒரே மாதிரிப் பெயரில் ஏகப்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன.