[கலைச்சொல்] கோத்தோ சத்சுஜின்: ஆதாயக் கொலையா, கொள்ளைக்கொலையா?

குழுவினருக்கு வணக்கம்.

ஹிரோகாசு கொரே-எடா இயக்கிய 'சன்டோமே நோ சத்சுஜின்' (மூன்றாவது கொலை, 2017) படத்தின் தமிழ் வசனவரிக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்தது. 'கோத்தோ சத்சுஜின்' (கொள்ளையும் கொலையும் சேர்ந்த ஒரே குற்றத்துக்கான ஜப்பானியச் சட்டச் சொல்) ஒன்றுதான் பாக்கி. நம் காவல்துறையும் நாளிதழ்களும் புழங்கும் 'ஆதாயக் கொலை' இருக்கிறதே, பணத்துக்காகக் கொல்வதுதானே இதுவும்? மக்களுக்குப் பழகிய சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் ஆக்க வேண்டும்? மறுப்பு இல்லையென்றால் இதையே வைத்துவிடுகிறேன்.

---

> புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

ஐயா, மறுப்பு இருக்கிறது. அந்தச் சொல்லை வைத்தால் படத்தின் அச்சே முறிந்துவிடும்.

முன்பே கொலைக்குத் தண்டனை பெற்ற மிசுமி, தன் முதலாளியை ஆற்றங்கரையில் கொன்று பெட்ரோல் ஊற்றி எரித்ததாக ஒப்புக்கொள்கிறார். வழக்கறிஞர் ஷிகெமோரி அவரைக் குற்றமற்றவர் என்று வாதிட முனையவில்லை. குற்றத்தின் பெயரை மாற்றப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயரில்தான் உயிர் தொங்குகிறது. ஜப்பானிய தண்டனைச் சட்டம் 240-ஆம் பிரிவின்படி கோத்தோ சத்சுஜினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள்; மூன்றாவதாக ஒன்று கிடையாது. அதையே சத்சுஜின் (கொலை, 199), செத்தோ (திருட்டு, 235) என்று இரண்டு குற்றங்களாகப் பிரித்துவிட்டால் கொலைக்கு மரணம், ஆயுள், அல்லது 5 ஆண்டுக்குக் குறையாத சிறை. திருட்டுக்கு 10 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். கீழ்வரம்பு ஆயுளிலிருந்து 5 ஆண்டுக்கு இறங்குகிறது.

இரண்டையும் பிரிப்பது ஒரே கேள்வி: பணத்தை எடுக்கும் எண்ணம் எப்போது வந்தது? அடிக்கும்போதே இருந்ததா, அடித்த பிறகு வந்ததா? அதனால்தான் பணப்பையில் பெட்ரோல் பட்டிருப்பதை ஷிகெமோரி அப்படிப் பிடித்துக்கொள்கிறார். பெட்ரோல் ஊற்றிய பிறகு எடுத்த பை என்றால், எண்ணமும் பின்னால் வந்தது என்று வாதாடலாம்.

'ஆதாயக் கொலை' இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. நகைக்காகக் கொன்றாலும் சொத்துக்காகக் கொன்றாலும் காப்பீட்டுத் தொகைக்காகக் கொன்றாலும் நமக்கு அது ஆதாயக் கொலைதான். இந்தப் படத்திலேயே மிசுமி பாதியில் பேச்சை மாற்றி, காப்பீட்டுப் பணத்துக்காக முதலாளியின் மனைவி சொல்லித்தான் கொன்றேன் என்கிறார். ஜப்பானியச் சட்டத்தில் அது வெறும் 199. தமிழிலோ, முதல் குற்றச்சாட்டும் ஆதாயக் கொலை, மாற்றிச் சொன்னதும் ஆதாயக் கொலை! வழக்கறிஞர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்று பார்ப்பவருக்குப் புரியாது.

மறுபக்கமும் இடிக்கிறது. திருடிவிட்டு ஓடுகிறவன் பிடிபடாமலிருக்க வன்முறையில் இறங்கினால் 238-ஆம் பிரிவு அவனைக் கொள்ளையனாகவே கருதுகிறது. துரத்தி வந்தவரை அவன் கொன்றால் அதுவும் 240. அந்தக் கொலையில் ஆதாயம் எங்கே?

என் பரிந்துரை 'கொள்ளைக்கொலை', இடைவெளி இல்லாமல். கோத்தோவுக்குக் 'கொள்ளை' நம் சட்டத் தமிழில் ஏற்கெனவே உள்ளது. சத்சுஜின் படத்தின் தலைப்பிலேயே இருப்பதால் 'கொலை' கடைசியில் நிற்பதும் பொருத்தம். ஷிகெமோரியின் வாதத்துக்கு 'கொலையும் திருட்டும்'. சேர்த்தெழுதினால் ஒரு குற்றம், உம் போட்டால் இரண்டு. வேறு விளக்கமே வேண்டாம். 'கூட்டுக்கொள்ளை' பக்கம் மட்டும் போகாதீர்கள்: அதற்கு 5 பேராவது வேண்டும் (2024 வரை இந்திய தண்டனைச் சட்டம், இ.த.ச., 396), மிசுமி தனியாள்.

---

> என் பரிந்துரை 'கொள்ளைக்கொலை'

காதுக்கு இரண்டு இடத்தில் உறுத்துகிறது. கொள்ளை அழகு, கொள்ளை ஆசை, கொள்ளைநோய் என்று மிகுதிக்கும் 'கொள்ளை' வரும். கூட்டம் கூட்டமாகக் கொன்றதாக ஒருவர் எடுத்துக்கொண்டால்? தவிர, 'கொலை, கொள்ளை' என்று சேர்த்தே கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒரு குற்றம் என்பதே பதியாமல் போகலாம். 'களவுக்கொலை' சரிவராதா?

இன்னொன்று. செத்தவரிடமிருந்து எடுப்பதைத் திருட்டு என்று சொல்லலாமா? நம்மிடம் இறந்தவர் உடைமையைக் கையாடுவது தனிக்குற்றமாயிற்றே (2024 வரை இ.த.ச. 404). அங்கே 'கையாடல்' போடுவதுதான் முறை என்று படுகிறது.

---

கடைசியிலிருந்து வருகிறேன். கையாடல் வேண்டாம். கொன்றவனே அந்த இடத்தில் உடனே எடுத்தால், இறந்தவரின் கைவசம் இருந்ததற்குச் சட்டப் பாதுகாப்பு தொடர்கிறது, ஆகவே அது திருட்டுதான் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 1966-இல் தீர்ப்பளித்தது. படத்தில் வழக்கறிஞர்கள் சொல்லும் 'செத்தோ' அந்த அடிப்படையில் வருவது. நம் கையாடல் பிரிவை அங்கே கொண்டுபோனால் இல்லாத குற்றத்தை ஏற்றிவிடுவோம்.

களவு என்பது தெரியாமல் எடுப்பது. கோத்தோவின் உயிர், வன்முறையால் அல்லது மிரட்டலால் பறிப்பது. களவுக்கொலை என்றால் கோத்தோவும் செத்தோவும் மறுபடி ஒன்றாகிவிடும். அவற்றைப் பிரிக்கத்தானே இத்தனை பாடு.

மிகுதிப் பொருள் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் 'கொள்ளைக்கூட்டம்' என்றால் யாரும் பெருங்கூட்டம் என்று எண்ணுவதில்லை, குற்றப் பேச்சுக்குள் அந்தப் பொருள் தலைகாட்டாது. முதல் தடவை மட்டும் 'கொள்ளையடிக்கும் நோக்கத்துடன் செய்த கொலை' என்று விரித்துவிட்டு, அடுத்த வரியிலேயே குறுஞ்சொல்லுக்கு வந்துவிடலாம். விரிவை எல்லா இடத்திலும் போட முடியாது. அது மட்டுமே 39 யூனிகோட் குறி; வரிக்கு 42 என்ற வரம்பில் மிச்சம் மூன்றுதான். 'கொள்ளைக்கொலை' 12. 'இது கொள்ளைக்கொலை அல்ல. கொலையும் திருட்டும்' கடைசி முற்றுப்புள்ளி இல்லாமல் சரியாக 42, ஒரே வரியில் நிற்கும். உங்கள் மென்பொருள் 14 என்று காட்டினால் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று பொருள். சேர்த்துச் சீர்செய்யாவிட்டால் தேடலிலும் அந்தச் சொல் அகப்படாமல் போகலாம்.

சொல் வாயில் நிற்பதும் முக்கியம். 2009 முதல் இத்தகைய வழக்குகளில் நீதிபதிகள் 3 பேருடன் குடிமக்கள் 6 பேரும் அமர்ந்து தீர்ப்பளிக்கிறார்கள். ஏட்டுச்சொல்லாக இருந்தால் அந்த அவையில் பேசுவது போலவே இருக்காது.

240-இல் இன்னொரு பாதி உண்டு: கொல்லும் எண்ணமின்றிக் கொள்ளையில் உயிர் போவது, 'கோத்தோ சிஷி'. தண்டனை அதே இரண்டுதான். அதற்குக் 'கொலை' வரவே கூடாது. 'சாவு விளைத்த கொள்ளை' எப்படி?

---

ஏற்கிறேன். பட்டியலில் கொள்ளைக்கொலை, கொலையும் திருட்டும், சாவு விளைத்த கொள்ளை மூன்றையும் ஏற்றிவிட்டேன். 'ஆதாயக் கொலை'யை அழிக்கவில்லை. காப்பீட்டுப் பேச்சு வரும் காட்சிகளுக்கு மட்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.