குளிர்கால விடுமுறைக்கு நூலகத்திலிருந்து என்ன எடுப்பது? (வயது 7, 13)

கேள்வி

வணக்கம். விடுமுறை தொடங்க இன்னும் ஒரு வாரம்தான். சீக்கிரமே இருட்டிவிடுவதால் பிள்ளைகள் மாலையிலேயே வீட்டுக்குள் அடைந்துவிடுகிறார்கள். அந்த நீண்ட பொழுதில் கொஞ்ச நேரமாவது புத்தகத்தோடு இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மகளுக்கு 7 வயது. படம் இருந்தால் எதையும் ஆசையாக எடுப்பாள். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிப்பதால் நாலு பக்கத்தில் சோர்ந்துபோகிறாள். மகனுக்கு 13. பதினொரு வயதுவரை தலையணைக்கு அடியில் புத்தகம் வைத்துத் தூங்கியவன், ஒன்றரை வருடமாகப் பாடப்புத்தகம் தவிர வேறு எதையும் தொடவில்லை. போன குளிர்காலத்தில் விருது வாங்கிய நாவல்களாகப் பார்த்துப் பார்த்து ஒன்பது எடுத்து வந்தேன். ஒன்றையும் பிரிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கப் போன அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அவனையே எடுக்கச் சொன்னால் காமிக்ஸ் மட்டும்தான் எடுப்பான். விட்டுவிடலாமா?

பதில் 1

தாராளமாக விட்டுவிடுங்கள். நான் ஒரு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்களைப் போல ஒரு பை நிறையப் புத்தகத்தை அப்படியே திருப்பித் தரும் பெற்றோரை ஒவ்வொரு விடுமுறை முடிவிலும் பார்க்கிறேன். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அந்த ஒன்பது நாவல்களுக்கும் வேறு எங்கோ வாசகர் இருப்பார், வருத்தப்படாதீர்கள்.

மகனைக் கதை அடுக்குக்குக் கூட்டிப்போக வேண்டாம். உங்கள் நூலகம் தூயி தசம முறையில், அதாவது பொருளுக்கு ஓர் எண் கொடுத்து, அடுக்கியிருந்தால் எண்களைப் பார்த்துப் போங்கள். 741.5 காமிக்ஸ், 796 விளையாட்டு, 793.8 மாய வித்தை, 567.9 டைனோசர். கதை வேண்டாம் என்று சொல்லும் பையன்கள் பலர் இந்த அடுக்குகளில் தரையில் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்திருக்கிறேன். வாசிப்பு பிடிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் அவர்களுக்குப் பிடிக்காதது நாவல் மட்டும்தான். காமிக்ஸும் அப்படியே: படத்தையும் வசனத்தையும் சேர்த்து, கட்டத்துக்குக் கட்டம் விடுபட்டதைத் தானாக நிரப்பிக்கொண்டுதான் படிக்க முடியும். அது முழு வாசிப்பு.

மகளுக்கு ஐந்து விரல் சோதனை. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். இரண்டு மூன்று மடங்கினால் அவள் தானே படிக்க ஏற்றது. ஐந்தும் மடங்கினால் இப்போதைக்குக் கடினம். ஆனால் அதைத் திரும்ப வைத்துவிடாதீர்கள், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இந்த வயதில் தானே படித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டு நிறையப் புரியும். 398.2-இல் நாட்டுப்புறக் கதைகள் இருக்கும், சத்தமாகப் படிக்கவென்றே அமைந்தவை.

ஒரு நடைமுறை விஷயம். விடுமுறை நெருங்கினால் அடுக்குகள் காலியாகிவிடும். இந்த வாரமே போங்கள். தொடர் வரிசை எடுப்பதானால் முதல் பாகம் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டாவதற்கும் அன்றே முன்பதிவு செய்துவிடுங்கள். முதல் பாகம் முடிந்த அன்று இரண்டாவது கையில் இல்லாவிட்டால் பிள்ளைகளின் வேகம் அறுந்துவிடும்.

பதில் 2

எனக்கும் பதின்ம வயதில் ஒரு மகள். மேலே சொன்னதில் பெரும்பாலானது சரி. ஆனால் முழுக்க விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வீட்டில் பத்துக்கு எட்டு அவள் தேர்வு, இரண்டு என் தேர்வு. என்னுடைய இரண்டில் முதல் அத்தியாயத்தை மட்டும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தமாக வாசிப்பேன். அப்புறம் கூடத்து மேசையில் வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசவே மாட்டேன். “படித்தாயா?” என்று ஒருமுறை கேட்டாலும் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். சிலது அப்படியே கிடக்கும். சிலது இரண்டு நாள் கழித்து அவள் அறையில் இருக்கும்.

13 வயதுப் பையனுக்கு 15, 16 வயது நாயகர்கள் வரும் கதைகளைப் பாருங்கள். தன்னைவிடச் சின்னவர்களைப் பற்றிப் படிக்க அந்த வயதில் மனம் வராது. கவிதை வடிவ நாவல்களும் உண்டு. பக்கத்தில் வெற்றிடம் அதிகம் என்பதால் ஒரே மாலையில் நூறு பக்கம் ஓடிவிடும். முழுப் புத்தகம் ஒன்றை முடித்த சந்தோஷம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றே போய்வந்தோம். நான் நுழைவாயில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன், கூடவே போகவில்லை. மகன் நாலு காமிக்ஸோடு சீட்டுக்கட்டு வித்தைகள் பற்றி ஒரு தடிமனான புத்தகமும் எடுத்து வந்தான். நேற்றிரவு தங்கையை எதிரே உட்காரவைத்து, பக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு வித்தையைச் செய்துகாட்டினான். மூன்று முறை தவறியது. மறுபடி படித்தான். அவள் அடுத்த வித்தையைத் தானே வாசித்துச் சொல்கிறேன் என்று புத்தகத்தைப் பிடுங்கி, அந்தப் பக்கத்தில் நாலு விரல் மடக்கினாள்.